விசில் ஊதாத மாதங்கள்

ஏப்ரல் 9

தோற்றுவிட்டோம். மூன்றுக்கு ஒன்று. அந்த ஒன்று நான் போட்டது. ஹாஸ்டலில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பல்கலைக்கழக ஃபுட்பால் ஃபைனல் வரைக்கும் எங்கள் கல்லூரிப் பெண்கள் வந்ததே பெரிய விஷயம் என்று பஸ்ஸில் வரும்போது சாந்தா மேடம் சொன்னார். அவர்தான் எங்கள் கோச். சொல்லிவிட்டு அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழாமல் வந்தது கேப்டன் பேச்சியக்கா ஒருத்திதான். முத்துப்பேச்சி, ஊர் பாவூர்சத்திரம், பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். நடுக்களத்தில் ஆடுபவள். இரண்டாம் பாதியில் எதிரணிக்காரி ஒருத்தி பக்கவாட்டில் வந்து இடித்ததில் சுழன்று விழுந்தாள். மாற்றி இறக்க எங்களிடம் ஆள் கிடையாது. இரண்டு பேர் அம்மை போட்டு ஊருக்குப் போய்விட்டார்கள், ஒருத்திக்கு அக்கா கல்யாணம். பேச்சியக்கா எழுந்தாள், காலை ஒரு உதறு உதறினாள், கடைசி விசில் வரை ஆடினாள். திரும்பும்போது பஸ்ஸின் கடைசி சீட்டில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கடலை மிட்டாயை உடைத்து உடைத்து முன்னால் அனுப்பிக்கொண்டே வந்தாள்.

"அழுதது போதும்ட்டி. ஆளுக்கு ஒரு துண்டு எடுங்க. மூக்கச் சிந்திட்டு எடுங்க."

எப்படித்தான் இப்படி இருக்கிறாளோ.

ஏப்ரல் 11

இன்று இரண்டு செய்தி. சாந்தா மேடத்துக்கு வேறு ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டது, மே மாதத்தோடு போகிறார். இறுதியாண்டு அக்காமார் ஆறு பேரும் பரீட்சை முடிந்ததும் போகிறார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்து ஒரு அணிகூட நிறையாது.

பிரின்சிபால் மேடம் கூப்பிட்டுவிட்டார். பேச்சியக்கா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிரின்சிபால் கோபக்காரர் இல்லை. நாற்காலியை நகர்த்தி உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாகத்தான் பேசினார்.

"இருக்குற பிள்ளைங்கள வச்சு ஒரு கோச்சுக்கு நான் எப்படிம்மா மேனேஜ்மென்ட்ல கேப்பேன்? ஜூன்ல காலேஜ் திறக்குற அன்னைக்கு ஒரு முழு டீம் மைதானத்துல நிக்கட்டும். ஆள் போடுதேன். இல்லன்னா இந்த வருஷம் கபடியோட நிறுத்திக்கிடுவோம்."

"நிக்கும் மேடம்" என்றாள் பேச்சியக்கா. எங்கிருந்து நிற்கும் என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்ன மாதிரிக்கு எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஏப்ரல் 28

பரீட்சைகள் முடிந்தன. ஹாஸ்டலைக் காலி செய்தோம். காலையில் ஜெர்சி எல்லாவற்றையும் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். வெயிலில் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று ஆகிவிட்டன.

பேச்சியக்கா மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வழக்கமாக மூன்று மூன்று படியாகக் குதிப்பவள். இந்தக் கட்டடத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

ஏப்ரல் 30, கயத்தாறு

வீடு. அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வருவதற்குள் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. அப்பா இரண்டு முறை மோர் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

அப்பாவுக்குப் பஞ்சர் கடை. பக்கத்தில் கோவில்பட்டி, ஹாக்கி ஊர். கடைக்கு வருகிறவர்களெல்லாம் ஹாக்கி பேசுவார்கள். "எம்பொண்ணு மட்டும் கம்ப விட்டுட்டு வெறுங்கால நம்பிட்டா" என்று அப்பா அவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கேலிதான், ஆனால் சொல்லாமல் ஒரு நாளும் விடமாட்டார்.

சாயங்காலம் கோவையிலிருந்து ஒரு கோச் பேசினார். ஃபைனலைப் பார்த்தாராம். அவர்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷத்துக்கு மாற்றிக்கொள்ளலாமாம். ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம், சொந்தப் புல்தரை மைதானம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. இதில் எழுதுவதற்கும் ஒன்றுமில்லை.

மே 1

பேச்சியக்கா வாட்ஸப்பில் குரூப் ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். பெயர் 'மூச்சு'. விதி ஒன்றே ஒன்று. தினமும் ஓட வேண்டும், ஓடி முடித்த கையோடு, நின்ற இடத்திலேயே வாய்ஸ் மெசேஜ் போட வேண்டும்.

"பேச வேண்டாம்ட்டி. மூச்சு வாங்குறது கேட்டாப் போதும். அதுல பொய் சொல்ல முடியாது பாத்துக்கோங்க."

மே 2

ஓடினேன். அனுப்பினேன்.

மே 6

காலையில் எழுந்ததும் குரூப்பைக் கேட்பது எனக்குச் சினிமா பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. உவரியிலிருந்து எங்கள் கோல்கீப்பர் ஜெனிட்டா அனுப்புவதில் மூச்சுக்குப் பின்னால் அலைச் சத்தம் இருக்கும். ஒருத்தி அனுப்பியதில் நாய் துரத்துவது முழுசாகப் பதிவாகியிருக்கிறது. இன்னொருத்தி அண்ணனுக்குத் தெரியாமல் ஓடுகிறாள், ரகசியக் குரலில் மூச்சு வாங்குகிறாள். அதை எப்படிச் செய்கிறாள் என்று தெரியவில்லை.

பேச்சியக்காவும் தினமும் அனுப்புகிறாள். "ஏட்டி, நான் ஓடியாச்சு. நீங்க என்ன செய்யுதீய?" அவ்வளவுதான், மணி அடித்த மாதிரி குரல். பெருமூச்சு ஒன்றுகூட இல்லை. அவள் உடம்பு இரும்பு. நானும் ஒரு நாள் அப்படிப் பேசிப் பார்க்கலாம் என்று ஓடி முடித்ததும் வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

மே 11

இன்று உவரி. ஜெனிட்டாவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், வைகாசியில் கல்யாணமாம். அவள் இல்லாவிட்டால் கோல் போஸ்ட்டில் நிற்க ஆளே கிடையாது. பேச்சியக்கா பாவூர்சத்திரத்திலிருந்து வந்தாள், நான் கயத்தாறிலிருந்து போனேன். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டோம்.

ஜெனிட்டாவின் அம்மா மோட்சம் அத்தை மீன் குழம்பு வைத்துப் பாய் விரித்தார். பேச்சியக்கா உட்காரவே இல்லை. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றே தின்று முடித்தாள்.

"ஒக்காந்து சாப்பிடு மக்கா."

"நின்னாத்தான் அத்தை எனக்கு வயித்துல எடம் இருக்கும்."

எல்லாரும் சிரித்தோம். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத ஜாதி அவள்.

ஜெனிட்டாவின் அப்பா லூர்து மாமா கடலிலிருந்து வந்து வலையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன், பெண் கல்வி, முன்னேற்றம் என்றெல்லாம். பேச்சியக்கா என்னைப் பேசவே விடவில்லை. நேரே அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, ஒங்க பிள்ள ஆடி ஒரு நாளாவது பாத்திருக்கீயளா?"

"கடல்ல கெடக்குறவன் எங்க மக்கா பாக்க?"

"இப்பப் பாருங்க. ரெண்டு துடுப்பு தாங்க."

மணலில் துடுப்புகளை நட்டார்கள். நடுவில் ஜெனிட்டா, சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். முதல் பந்தை லூர்து மாமா பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல் தட்டிவிட்டார். ஜெனிட்டா அதை எடுத்து அவர் நெஞ்சிலேயே திருப்பி எறிந்தாள்.

"அப்பா, ஒழுங்கா அடிங்க."

அடித்தார். அவள் வலப்பக்கம் பாய்ந்து தட்டினாள். மறுபடி அடித்தார், காலில் தடுத்தாள். அதற்குப் பிறகு கடற்கரையே வரிசையில் நின்றது. வெறுங்காலில் வள்ளம் தள்ளிப் பழகியவர்கள், அவர்கள் அடித்த அடியில் பந்து உறுமிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு பந்துதான் உள்ளே போனது, அதுவும் துடுப்பில் பட்டுத் திசைமாறிப் போனது. ஜெனிட்டாவின் முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. முகத்தில் மட்டும் நான் இதுவரை பார்த்திராத ஒரு சிரிப்பு.

லூர்து மாமா வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். "இவளுக்குப் பயமே இல்லயே" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அப்புறம் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மோட்சம், மாப்பிள்ள வீட்டுல நான் பேசிக்கிடுதேன். படிப்பு முடியட்டும்."

"ஊரு என்ன சொல்லும்?" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

"ஊருதான இங்க வரிசயில நின்னு அடிச்சுது. ஒருத்தனாலயும் முடியல்லலா."

திரும்பும்போது நானும் ஜெனிட்டாவும் மணலில் முன்னால் ஓடிவிட்டோம். பேச்சியக்கா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல, ரொம்ப மெல்ல வந்தாள். கடலைப் பார்த்துக்கொண்டே வருகிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அலைச்சல்.

மே 18

கத்திரி வெயில் தார் ரோட்டை இளக்குகிறது. விடிவதற்கு முன்னால் ஓடிவிட்டு வந்தேன். என்னுடைய பந்தில் காற்று நிற்கவில்லை. டியூப்லெஸ் டயருக்கு ஊற்றும் பசையை அப்பா ஊசியால் உள்ளே ஏற்றி, உருட்டி உருட்டி, அடைத்துவிட்டார். "லாரிக்கே நிக்குது, ஒங்க பந்துக்கு நிக்காதா?" பந்து கொஞ்சம் கனமாகிவிட்டது. பரவாயில்லை.

பேச்சியக்கா இதுவரை ஐந்து வீடுகளுக்குப் போய்விட்டாளாம். சங்கரன்கோவில், முக்கூடல், எங்கெங்கோ. ஒரு வீட்டில் வெளியே நிற்கவைத்தே பேசி அனுப்பினார்களாம். மறு வாரம் திரும்பவும் அதே வீட்டுக்குப் போயிருக்கிறாள். "ரெண்டாந்தடவ போனா தண்ணி குடுப்பாங்கட்டி" என்று மெசேஜ் போட்டிருந்தாள். மூன்றாம் தடவை அந்தப் பிள்ளையை ஆட அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள்.

மே 24

கோவையில் அத்தை வீடு இருக்கிறது. ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், போனேன். அந்தக் கல்லூரி அவர்கள் வீட்டிலிருந்து பக்கம்தான், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். புல் கம்பளம் மாதிரி இருக்கிறது. காலில் மண்ணே ஒட்டவில்லை. பூட்ஸ் பையில் இருந்தது, அதனால் கொஞ்ச நேரம் அவர்களோடு ஆடினேன். கோச் என் பெயரைச் சரியாகச் சொன்னார், செண்பகவல்லி என்று முழுசாக. ஜூன் பத்துக்குள் சொன்னால் போதுமாம்.

சும்மாதான் போனேன்.

மே 25

காந்திபுரத்தில் ஓடி மூச்சு அனுப்பினேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டிருக்கும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 3, பாவூர்சத்திரம்

கேம்ப் என்று பேச்சியக்கா சொன்னபோது நாலைந்து பேர் வருவோம் என்று நினைத்தேன். அவள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கிறது. உவரி ஜெனிட்டா வந்துவிட்டாள். ரகசியமாக மூச்சு விட்டவள் அண்ணனோடேயே வந்து இறங்கினாள். ஜூனில் முதலாமாண்டு சேரப்போகிற புதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அதில் ஆலங்குளம் சுபலட்சுமி ஒருத்தி. பேச்சியக்கா அவளைக் கண்டுபிடித்த கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

"பஸ் கெளம்பிப் போயிட்டு. இவ பைய மாட்டிட்டுப் பின்னால ஓடுதா. அடுத்த ஸ்டாப்புல பஸ்ஸுக்கு முன்னால நிக்கா. நான் பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன்ட்டி, இவ பேரு கேக்க."

பேச்சியக்காவின் அம்மா சண்முகத்தாய் அத்தை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை பிரித்துக் கட்டுகிற வேலை பார்க்கிறார். இத்தனை பேருக்கும் அவர்தான் சமையல். மூன்று வேளையும் ஏதோ ஒரு விதத்தில் கத்திரிக்காய். யாரும் குறை சொல்லவில்லை. தட்டு கழுவும் முறை போட்டுக்கொண்டோம், எனக்கு மத்தியானம்.

மைதானம் பள்ளிக்கூடத்துடையது. ஹெட்மாஸ்டரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். குற்றாலத்துச் சாரல் இங்கேயும் லேசாகத் தூவுகிறது. அந்தத் தூறலில் ஓடும்போது உடம்பு கேட்காமலே ஓடுகிறது.

ஜூன் 5

பேச்சியக்கா விசிலும் கையுமாகக் கோட்டுக்கு வெளியே நிற்கிறாள். "கோச் வாரது வரைக்கும் நான்தாம்ட்டி கோச்சு." அவள் ஆடுவதைப் பார்க்காமல் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் என்ன கண் அவளுக்கு! யார் எந்தக் காலில் தடுமாறுகிறாள், யாருக்குப் பின்னால் பார்க்கும் பழக்கம் இல்லை, எல்லாம் ஒரே நாளில் சொல்லிவிடுகிறாள். சத்தம் போடுவதில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, தோளில் கை போட்டுச் சொல்கிறாள்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முன்னால் என் இடத்தில் சுபலட்சுமியை ஆடவைக்கிறாள். என்னை நடுவில் போட்டுவிட்டாள். போன வருஷம் அதிக கோல் யார் போட்டது? கேட்கலாம் என்று போனேன். அவள் வீட்டுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து வலது முழங்காலில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அம்மா, அடுப்புல என்னமோ தீயுது பாரு" என்றாள் இவள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

நான் கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

ஜூன் 7

எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

சாயங்கால ஆட்டத்தில் ஒரு பந்து கோட்டைத் தாண்டிப் பேச்சியக்காவை நோக்கி உருண்டது. ஒரு புதுப் பிள்ளை அதைத் துரத்திக்கொண்டு போனாள். பேச்சியக்கா நின்ற இடத்திலேயே விட்டிருக்கலாம். பந்தைப் பார்த்ததும் அவளுக்கு மறந்துவிட்டதுபோல. இடது காலில் நிறுத்தி, வலது காலை ஊன்றித் திரும்பினாள், அவள் மட்டுமே திரும்பும் அந்தத் திருப்பம். கால் அவளோடு திரும்பவில்லை.

அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சண்முகத்தாய் அத்தை மார்க்கெட்டிலிருந்து இடுப்புச் சாக்கோடு ஓடிவந்தார். "ஏப்ரல் மாசமே டாக்டர் சொன்னாரே, தசைநார் முழுசா அந்துபோச்சு, ஆபரேஷன்தான்னு சொன்னாரே, கேட்டாளா இவ? ஒரு பிள்ளகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா."

ஃபைனல் முடிந்த மறு வாரமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்து திரும்ப ஆட ஒரு வருஷம் ஆகும். அதற்குள் அவள் படிப்பு முடிந்துவிடும். தான் ஆடவே போகாத ஒரு டீமுக்காக ஊர் ஊராக நொண்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

படிக்கட்டு, பாய், மணல். எல்லாவற்றையும் நானே இதில் எழுதியிருக்கிறேன். எழுதியவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லையா?

ஜூன் 8

கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் முறத்தோடு, அம்மாவுக்காக அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா என்னட்டி செய்வீய? பாவம் பேச்சின்னு வருவீய. பாவப்பட்டு வாரவ ரெண்டு நாள் வருவா, மூணாம் நாள் வரமாட்டா. ஆடணும்னு ஆசப்பட்டு வரணும்."

"ஆபரேஷன அப்பவே பண்ணியிருக்கலாம்லா?"

"பண்ணிட்டு லீவு பூரா கட்டில்ல கெடக்கவா? உவரிக்கு யாரு போவா? ஓடாம கொள்ளாம இருந்தா ரெண்டு மூணு மாசம் தள்ளலாம்னு டாக்டரு சொன்னாரு. நான் ஓடுனேனா? கேட்டுப் பாரு, ஒரு நாளாவது எனக்கு மூச்சு வாங்கிச்சா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஃபைனல் அன்னைக்கு வெளிய ஒரே ஒருத்தி ஒக்காந்திருந்தாக்கூட நான் ஆட்டத்த விட்டு வந்திருப்பேன் வல்லி. சுளுக்கோட போயிருக்குமோ என்னமோ. எறங்க ஆள் இல்லன்னு இனிமே ஒருத்தியும் ஒடஞ்ச காலோட ஆடக் கூடாது. அம்புட்டுத்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதே குரலில், அவரைக்காய் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

"கோயமுத்தூர்ல புல்லு எப்படிட்டி? மெத்துன்னு இருக்குமாமே."

கத்தி என் விரலில் பட்டுவிட்டது. ஆழமில்லை.

"ஒங்களுக்கு எப்படி..."

"அந்த சார் மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணுனாரு. கேப்டன்கிட்ட விசாரிக்காம எடுப்பாங்களா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கண்ண மூடிட்டு எடுத்துக்கோங்கன்னேன். தலையால அடிக்க மட்டும் பயப்படுவா, அதச் சொல்லிக் குடுத்துருங்கன்னேன்."

ஏப்ரலிலேயே சொல்லியிருக்கிறாள். காலும் போய், கோச்சும் போய், ஆளும் இல்லாமல் நின்ற அதே மாதத்தில்.

"அப்போ டீமு?"

"ஒன்னச் சேக்காமத்தான் டீமப் போட்டேன். முன்னால சுபலட்சுமி. ஒருத்தி போனா விழுந்துபோற டீமுன்னா அது என்ன டீமு?"

"பெறவு என்னைய ஏன் நடுவுல போட்டீங்க?"

"அங்க போயி ரெண்டு எடத்துல ஆடத் தெரிஞ்சா சீக்கிரம் எறக்குவாங்கன்னுதான்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், நறுக்கிய காயையே மறுபடி நறுக்கினேன்.

ஜூன் 10, கயத்தாறு

அப்பா லாரி டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கோவை, புல், பேச்சியக்கா, எல்லாம். கை நிற்கவே இல்லை அவருக்கு, காது மட்டும் என் பக்கம்.

"ஒனக்கு எங்க ஆடப் பிடிச்சிருக்கு தாயி?"

"அங்க வசதி எல்லாம் நல்லா இருக்குப்பா."

"அத நான் கேக்கல."

கோவை சாருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "முத்துப்பேச்சி உன்ன விடமாட்டேன்னுச்சா?" என்று கேட்டார். "இல்ல சார், அவங்க போகச் சொன்னாங்க" என்றேன்.

இதைப் பேச்சியக்காவுக்காகச் செய்யவில்லை. அவள் அப்படி நினைக்கவும் கூடாது. நடுவில் நின்று ஆடினால் மொத்த மைதானமும் கண்ணுக்குத் தெரிகிறது, யார் எங்கே ஓடப்போகிறாள் என்று முன்கூட்டியே தெரிகிறது. இந்த ஐந்தாறு நாளில் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதுதான் காரணம்.

அவளுக்குச் சொன்னேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"சரி. ஆனா முன்னால எடம் கெடையாது. சுபாவுக்குக் குடுத்தாச்சு."

அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று. அதில் பேச்சே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். தவறிப் போய் அனுப்பியிருப்பாள்.

ஜூன் 16

காலேஜ் திறந்தது. பிரின்சிபால் மேடம் குடை பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். வரிசையாக நின்றோம், இரண்டாவது வரிசையும் இருந்தது. பேச்சியக்கா ஊன்றுகோலோடு ஓரத்தில் நாற்காலியில். மேடம் எங்களை ஒருமுறை பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார்.

"கேப்டன் யாரு?"

எல்லாரும் நாற்காலியைக் காட்டினோம். பேச்சியக்கா தலையாட்டி மறுத்தாள். "கேப்டன் களத்துக்குள்ள நிக்கணும் மேடம். ஜெனிட்டா." ஜெனிட்டா திருதிருவென்று விழித்தாள்.

என் பெயரைச் சொல்லவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஐந்து நிமிஷம் இருந்தது.

ஜூன் 27

புது கோச் வந்துவிட்டார். ராஜகனி மேடம். வந்த அன்றைக்கே எங்களை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "லீவுல யாரு உங்களுக்குப் பயிற்சி குடுத்தது?" என்று கேட்டார். பேச்சியக்கா அப்போது பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

ஜூலை 12

முதல் மேட்ச். ஃபைனலில் எங்களை அடித்த அதே அணி.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மேட்ச் முடிந்துதான் ஆஸ்பத்திரியில் சேருவேன் என்று பேச்சியக்கா டாக்டரிடமே பேசி நாளை நகர்த்தியிருந்தாள்.

முதல் பாதியில் கோல் வாங்கிவிட்டோம். என்னுடைய தவறுதான், பந்தை வைத்துக்கொண்டு ரொம்ப யோசித்தேன். இரண்டாம் பாதியில் சுபலட்சுமி ஓடத் தொடங்குவதற்கு முன்பே அவள் ஓடப்போகிற இடம் எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அங்கே தள்ளினேன். பஸ்ஸைப் பிடித்தவள் பந்தைப் பிடிக்கமாட்டாளா? கோல். என்னுடைய எந்த கோலுக்கும் நான் அப்படிக் கத்தியதில்லை.

கடைசியில் எங்கள் பின்களத்துப் பிள்ளைக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவள் நொண்டிக்கொண்டே ஆடப் பார்த்தாள். ராஜகனி மேடம் வாய் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள், நான் போறேன் நான் போறேன் என்று. ஒருத்தி இறங்கினாள். நொண்டிய பிள்ளை வெளியே வந்து பேச்சியக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சியக்கா அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிவிட்டாள். ஆட்டத்தைப் பார்க்காமல் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜெனிட்டா பின்னாலிருந்து என்னைத் திட்டினாள்.

ஒன்றுக்கு ஒன்று. டிரா. போன வருஷத்து சாம்பியன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

ஜூலை 14

காலையில் துணி துவைத்தேன். ஒன்பது மணி வகுப்புக்குப் போனேன், பிரின்சிபால் மேடமே பத்தரைக்கு எங்கள் எல்லாரையும் அனுப்பிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நீளமான வராந்தா. பெஞ்சு போதவில்லை, சுவரோரம் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சண்முகத்தாய் அத்தை நடுவில். அவர் ஜெனிட்டாவின் கையைப் பிடித்தபடியே இருந்தார். லூர்து மாமா உவரியிலிருந்து மீன் ஐஸ்பெட்டியோடு நேரே வந்துவிட்டார், காவலாளி அதை உள்ளே விடவில்லை என்று வாசலில் வாதாடிக்கொண்டிருந்தார். சுபலட்சுமி எழுந்து போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பதும் வந்து உட்காருவதுமாக இருந்தாள். ஒன்றும் தெரியவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

மத்தியானம் தாண்டிக் கதவு திறந்தது. நர்ஸ் ஒருவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது என்று அவர் முகமே சொன்னது. கையிலிருந்த அட்டையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"முத்துப்பேச்சிக்குச் சொந்தக்காரங்க யாரும்மா?"

வராந்தா முழுக்க எழுந்து நின்றோம்.